கரியிலிருந்து சுடர் – 6: பாதிரியாரும் பேராசிரியரும்

சென்ற வாரம் கதையைப் பாரிஸில் விட்டிருந்தோம். ஆண்டு 1896. ஃபுளோரினைப் பிரித்தெடுத்துப் பெரும்புகழ் பெற்றிருந்த ஹென்றி மொவாசான், சார்ல் மூரூவுடன் சேர்ந்து நிக்கல் பொடியின் மீது அசிட்டிலீன் வாயுவைச் செலுத்தினார். உலோகம் தணலாக ஒளிர்ந்தது. குழாயெங்கும் கரி படிந்தது. நிக்கலின் நுண்துளைகளில் வாயு முண்டியடித்துப் புகுவதால் சூடேறுகிறது, அந்தச் சூட்டில் அசிட்டிலீன் சிதைகிறது என்று இருவரும் முடிவுகட்டினார்கள். மறுமுனையில் வெளியேறிய வாயு ஹைட்ரஜன்தான் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த அறிக்கை தெற்கே துலூஸ் நகரத்தை எட்டியபோது, அறிவியல் புலத்துப் பேராசிரியர் பால் சபாத்தியேவுக்குப் பெருத்த ஏமாற்றம். அவர் செய்ய நினைத்திருந்த சோதனையல்லவா அது! 1890-இல் லுட்விக் மோண்டின் குழு, நிக்கல் கார்பன் மோனாக்சைடோடு கூடி ஆவியாகிப் பறப்பதைக் கண்டிருந்தது. அப்படியானால் வேறு வாயுக்களையும் நிக்கல் பற்றிக்கொள்ளாதா? இந்தக் கேள்விதான் சபாத்தியேவைத் துரத்திக்கொண்டிருந்தது.

அவர் நேர்வழியில் போனார். 'இதைத் தொடரப்போகிறீர்களா?' என்று மொவாசானையே கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. களம் காலி!

சபாத்தியேவுக்குத் துணை நின்றவர் ழான் பத்தீஸ்த் சாந்தெரென்ஸ். கத்தோலிக்கப் பாதிரியார், துலூஸின் கத்தோலிக்கக் கல்வி நிலையத்தில் வேதியியல் ஆசிரியர். அரசும் திருச்சபையும் முட்டி மோதிக்கொண்டிருந்த பிரான்ஸில், அரசுப் பேராசிரியரும் அங்கி அணிந்த பாதிரியாரும் ஒரே சோதனை மேசையில் நின்றார்கள்.

1897. நிக்கல் ஆக்சைடைக் கண்ணாடிக் குழாயில் பரப்பி, ஹைட்ரஜனைச் செலுத்திச் சூடாக்கினார்கள். ஆக்சிஜன் நீங்கி நுண்ணிய நிக்கல் பொடி மிஞ்சியது. அதன் மேல் எத்திலீனை விட்டார்கள். அதே தணல், அதே கரி. ஆனால் பாரிஸ்காரர்கள் பொருட்படுத்தாத ஒன்றை இவர்கள் விடவில்லை. வெளியேறிய வாயுவைப் பிடித்து ஆராய்ந்தார்கள். அதில் பெரும்பகுதி ஈத்தேன்! எத்திலீனில் ஒரு பகுதி சிதைந்து தந்த ஹைட்ரஜனை, மீதி எத்திலீனோடு நிக்கல் சேர்த்து வைத்திருந்தது.

இது வெறும் நுண்துளைச் சூடு இல்லை என்று சபாத்தியே வாதிட்டார். நிக்கல் ஹைட்ரஜனைக் கைமாற்றாக வாங்குகிறது. கணநேரம் அதோடு சேர்மமாக இருந்து, பக்கத்தில் வரும் மூலக்கூறிடம் கொடுத்துவிட்டு மறுபடி வெறுங்கையோடு நிற்கிறது. அதனால்தான் அது தீர்ந்துபோவதில்லை. ஆனால் மகா நோஞ்சான்! கந்தகம் துளி கலந்தாலும் செயலிழந்துவிடும். வாயுக்களை வடித்துச் சுத்தம் செய்வதே பெரும்பாடு.

1901-இல் பென்சீனும் பணிந்து, நிக்கலிடமிருந்து ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டது. அடுத்து எதை எடுப்பது?

யாரும் மதிக்காத ஒன்றை எடுத்தார்கள். கார்பன் டை ஆக்சைடு! அடுப்பிலும் உலையிலும் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் வாயு. அதை மறுபடி எரியும் பொருளாக்க முடியுமா? ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் என்பது கணக்கு. குழாயின் சூடு 300 பாகை செல்சியஸை நெருங்கியபோது வினை வேகம் பிடித்தது. மறுமுனையில் நீராவியோடு வந்தது மீத்தேன். சதுப்பு நிலங்களில் கொப்பளிக்கும் அதே வாயு, ஒரு முழக் கண்ணாடிக் குழாய்க்குள்! ஒருமுறை தொடங்கிவிட்டால் இந்த வினை தானே வெப்பத்தை வெளியிடும். செலவெல்லாம் ஹைட்ரஜனுக்குத்தான்.

1902-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் ஏட்டில் அறிக்கை வெளியானது. கீழே இரண்டு பெயர்கள்: சபாத்தியே, சாந்தெரென்ஸ். 1905-இல் அதே கழகத்தின் ழெக்கேர் பரிசும் இருவருக்குமே கிடைத்தது. எல்லாவற்றிலும் சரிபாதி.

1912. வேதியியல் நோபல் பரிசை ஸ்டாக்ஹோம் அறிவித்தது. நுண்ணிய உலோகங்களைக் கொண்டு ஹைட்ரஜன் ஏற்றும் முறைக்காக பால் சபாத்தியேவுக்குப் பரிசு. பரிசில் பாதி மட்டுமே அவருக்கு. மறுபாதியைப் பெறப்போகிறவரும் பிரெஞ்சுக்காரர்தான். ஆனால் அவர் அங்கி அணிந்தவரல்லர். நிக்கல் குழாயின் பக்கமே வராதவர்.

அவர் யார்? பாதிரியாரின் பெயர் எங்கே போனது?

(அடுத்த வாரம்...)