கணக்கெடுப்புகளுக்கு இடையிலான மக்கள்தொகை மதிப்பீடு: சென்னை மாநகரம் (1901–1951)

முன்னுரை

பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் கணக்கெடுப்பு நகரத்தின் ஒரு காலப்புள்ளியையே பதிவு செய்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் தொகை மதிப்பீட்டால் பெறப்படுவதாகும். ஆண்டுதோறும் கணிக்கப்படும் பிறப்பு, இறப்பு விகிதங்களுக்கு அதுவே வகுக்கும் எண். அது பிழைபட்டால் நகரத்தின் நலநிலை குறித்த முடிவுகளும் பிழைபடும். இச்சிக்கலைச் சென்னையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

போக்கை நீட்டித்தல்

சென்னையின் மக்கள்தொகை 1901இல் 5,09,346, 1911இல் 5,18,660, 1921இல் 5,26,911. இரு பத்தாண்டுகளிலும் வளர்ச்சி இரண்டு விழுக்காட்டை எட்டவில்லை. இப்போக்கை நீட்டித்தால் 1931க்கு ஏறத்தாழ 5.35 லட்சம் கிடைக்கும். எண்ணப்பட்டதோ 6,47,230. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மதிப்பீட்டில் விடுபட்டிருப்பர். அந்நிலையில் இறப்பு விகிதம் உண்மையினும் உயர்ந்து தோன்றும்.

இடைச்செருகலின் வரம்பு

இரு கணக்கெடுப்புகளும் முடிந்தபின் இடையாண்டுகளைக் கணிப்பது பாதுகாப்பானது என்பர். 1941இல் 7,77,481 ஆக இருந்த தொகை 1951இல் 14,16,056 ஆயிற்று. சீரான பெருக்க விகிதத்தில் கணித்தால் 1942க்கு ஏறத்தாழ 8.25 லட்சம் வருகிறது. ஆனால், சப்பானியத் தாக்குதல் அச்சத்தால் 1942 ஏப்ரலில் மக்கள் பெருந்திரளாக நகரத்தை விட்டு வெளியேறினர். மக்கள் குறைந்த மாதங்களையும் கணிதம் வளர்ச்சியாகவே காட்டுகிறது. மேலும், 1946இல் சைதாப்பேட்டை உள்ளிட்ட புறப்பகுதிகள் மாநகர எல்லைக்குள் வந்தன. எனவே 1951இன் உயர்வில் ஒரு பகுதி குடிபெயர்வால் நிகழ்ந்ததன்று. எல்லை மாற்றத்தால் நிகழ்ந்தது.

மாற்றுச் சான்றுகள்

பங்கீட்டு அட்டைகள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள், வீட்டுவரிப் பதிவேடுகள் ஆகியன துணைச் சான்றுகளாகும். எனினும், ஊரை விட்டுச் சென்றோரின் பெயர் அட்டையில் நீடிப்பதும், புதிதாக வந்தோர் பதிவு பெறாதிருப்பதும் இயல்பு. ஆகவே ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டே அவற்றைப் பயன்படுத்துதல் தகும்.

முடிவுரை

எல்லை மாற்றம், குடிபெயர்வு ஆகிய இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காணாத மதிப்பீடு நம்பத்தக்கதன்று. 2011 கணக்கெடுப்பில் சென்னையின் தொகை 46,46,732. அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2021இல் நிகழவேண்டிய கணக்கெடுப்பும் 2027க்குத் தள்ளப்பட்டுள்ளது. பதினாறு ஆண்டு இடைவெளியில் உணவுப் பங்கீடு முதலியன பழைய எண்ணையே சார்ந்து நிற்பதால், மதிப்பீட்டில் விடுபடுவோர் உரிமையிலும் விடுபடுகின்றனர். எனவே, எந்த எல்லைக்கு உரியது, எந்த நாளுக்கு உரியது என்னும் இரு குறிப்புகள் இன்றி நகர மக்கள்தொகையை ஆய்வாளர் எடுத்தாளுதல் கூடாது.