கருவிலுள்ள சிசுவும் சர்வதேசச் சட்டத்தின் மௌனமும்

பிறவாத சிசுவின் உயிருக்காகவும் குடும்பத்தின் பாதுகாப்புக்காகவும் சர்வதேச அரங்குகளில் வாதாடும் சட்ட அறிஞர்கள் தமக்கு ஆதாரமாகக் காட்டுவனவற்றுள் தலையாயது, 1989-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் முகவுரையாகும். குழந்தைக்குப் பிறப்பின் முன்னும் பின்னும் தக்க சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் 1959-ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் வாசகம் அதில் எடுத்தாளப்பட்டுள்ளது. எதிர்க்கட்சியினரோ அம்முகவுரை எவரையும் கட்டுப்படுத்தாதென்றும், கருக்கலைப்புக்கான உரிமை சர்வதேசச் சட்டத்தில் நிலைபெற்றுவிட்டதென்றும் கூறுவர். இவ்விரு தரப்பாரின் கூற்றுகளும் மிகையே என்பதும், உயிர்க்காப்புக் கட்சியினர் தம் மிகையை முதலில் கைவிட்டாலன்றி எதிரியின் மிகையை வெல்லவியலாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அக்கட்சியின்பால் பூரண அனுதாபம் உடையவன் நான். அதன் வாதம் பழுதற்றிருக்க வேண்டுமென்று விழைவதும் அதனாலேயே.

மனித உரிமைப் பிரகடனம் 1948-இல் உருவான காலத்திலேயே, உயிர்வாழும் உரிமையைக் கருவுற்ற கணத்திலிருந்து காக்க வேண்டுமென லெபனானும் சிலியும் முயன்றன, அம்முயற்சி பலிக்கவில்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை வரைந்தபோது, 1957-ஆம் ஆண்டில் பெல்ஜியம், பிரேசில், எல் சால்வடோர், மெக்ஸிகோ, மொராக்கோ ஆகிய ஐந்து நாடுகள் அதே கருத்தைத் திருத்தமாகக் கொண்டுவந்தன. பொதுச்சபையின் மூன்றாம் குழுவில் அது 20-க்கு 31 என்னும் வாக்குகளால் தோற்றது, 17 நாடுகள் எப்பக்கமும் சாராதிருந்தன. இத்தோல்வியை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையன்று. எனினும் அதே உடன்படிக்கையின் 6-ஆம் ஷரத்து, கர்ப்பிணிக்கு விதித்த மரண தண்டனையை நிறைவேற்றலாகாதென ஆணையிடுகிறது. குற்றமற்ற பிறவாச் சிசுவின் உயிரைக் காப்பதே அதன் பிரதான நோக்கமென்பது வரைவுக் காலத்து அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. சிசுவை உரிமையின் அதிபதியாக அங்கீகரிக்க மறுத்த அதே சபை, தாயைத் தண்டிக்குமிடத்தும் அச்சிசுவைத் தனியொரு ஜீவனாக எண்ணிப் பார்த்தது என்பதைக் காட்டிலும் வலிய சான்றை இவ்வழக்கில் நான் கண்டதில்லை.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் சரித்திரம் இன்னும் நுட்பமானது. போலந்து அளித்த திருத்திய வரைவின் முதல் ஷரத்து, பிறந்த கணம் முதல் பதினெட்டு வயது வரையுள்ள மனித ஜீவனையே குழந்தையெனக் கூறிற்று. கருவிலுள்ளதைப் புறக்கணிக்கும் அச்சொற்கள் விவாதத்தில் நீக்கப்பட்டன, ஆயினும் கருவிலுள்ளதை உட்படுத்தும் சொற்கள் அவ்விடத்தில் ஏறவில்லை. முகவுரையில் பிறப்புக்கு முன் என்பதைச் சேர்ப்பதா வேண்டாவா என்று எழுந்த சர்ச்சை, அவ்வாசகத்தை ஏற்பதனால் முதல் ஷரத்தின் பொருளை எந்த அரசுக்காகவும் தீர்த்துவைக்க வரைவுக் குழு கருதவில்லையென்னும் குறிப்பொன்றை வரைவு ஆவணத்தில் பதிந்ததோடு முடிந்தது. அக்குறிப்பின் விளைவென்னவென்று கேட்ட பிரிட்டிஷ் பிரதிநிதிக்கு, முகவுரையின் பயனைப் பறிக்கும் குறிப்பொன்றைப் பதிவது விசித்திரமாகத் தோன்றுகிறதென்றும், ஆயினும் அதைத் தடுக்கும் விதி சட்டத்திலோ வழக்கத்திலோ இல்லையென்றும் ஐக்கிய நாடுகளின் சட்ட ஆலோசகர் விடையளித்தார். பின்பு உடன்படிக்கையை ஏற்றபோது, உயிருடன் பிறந்தபின்னரே அது பொருந்துமெனப் பிரிட்டன் அறிவித்தது. கருவுற்ற கணத்திலிருந்தே குழந்தை குழந்தையென அர்ஜெண்டினா அறிவித்தது. ஒரே ஏட்டில் இவ்விரு அரசுகளும் கையொப்பமிட முடிந்ததற்குக் காரணம், அவ்வேடு இவ்விஷயத்தில் பேசாதிருந்ததே.

ஆகவே இம்மௌனம் மறதியால் நேர்ந்ததன்று, உடன்பட்டு வைத்த மௌனம். 1994-ஆம் ஆண்டுக் கெய்ரோ மாநாட்டின் செயல்திட்டமும் இவ்வழியே நின்றது: கருக்கலைப்பை ஒருபோதும் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாக ஊக்குவித்தலாகாது, அது பற்றிய சட்ட மாற்றங்களை அந்தந்த நாட்டின் சட்டமன்ற நெறியே தீர்மானிக்க வேண்டும், சட்டம் அனுமதிக்குமிடத்து அது அபாயமற்றதாயிருக்க வேண்டும் என்பன அதன் முடிபுகள். இங்ஙனம் அரசுகள் திறந்துவைத்த வினாவை, 2018-ஆம் ஆண்டில் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் மனித உரிமைக் குழு தன் 36-ஆம் பொதுக் கருத்துரையால் ஒரு பக்கமாக அடைக்க முயன்றது. தாயின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து நேரும்போதும், வன்புணர்ச்சியால் கருவுற்றபோதும் கருக்கலைப்புக்கு வழிசெய்வதை உயிர்வாழும் உரிமையிலிருந்து பிறக்கும் கடமையாகவே அது உரைத்தது. அத்துயரங்களின் கடுமையை எளிதாகக் கருதுவோர் மனிதத்தன்மை அற்றவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பதினெட்டு நிபுணர்களைக் கொண்ட அக்குழுவுக்கு உடன்படிக்கையை வியாக்கியானம் செய்யும் பணியுண்டேயன்றி, கையொப்பமிட்ட அரசுகள் ஏற்க மறுத்த தீர்ப்பை அவற்றின் பெயரால் எழுதும் அதிகாரம் இல்லை. இவ்வாட்சேபத்தை எழுப்பும் தகுதி, அதே மௌனத்தைத் தன் சார்பான தீர்ப்பாகத் திரிக்காதவனுக்கே உண்டு.

வெளிப்படையான வாசகம் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்ததென்றும் எண்ணலாகாது. 1969-ஆம் ஆண்டு அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை உடன்படிக்கை, பொதுவாகக் கருவுற்ற கணத்திலிருந்தே உயிரைக் காக்க வேண்டுமென்கிறது. அதனை வியாக்கியானித்த அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றம், கோஸ்டா ரிக்கா வழக்கில் 2012-ஆம் ஆண்டு, கருவுறுதலென்பது கரு கருப்பையில் பதிவதையே குறிக்குமென்றும், பாதுகாப்பு படிப்படியாகவே வளர்வதென்றும் தீர்த்தது. அரசியல் பிரகடனங்களோ இன்னும் நிலையற்றவை. கருக்கலைப்புக்குச் சர்வதேச உரிமை இல்லையென்று 2020 அக்டோபர் 22-இல் 32 நாடுகள் சேர்ந்து வெளியிட்ட ஜெனீவாப் பிரகடனத்தை முன்னின்று நடத்திய அமெரிக்க ஐக்கிய நாடு, 2021 ஜனவரியில் அதனின்று விலகி, 2025 ஜனவரியில் மீண்டும் சேர்ந்தது. ஆட்சி மாறுந்தோறும் மாறும் கையொப்பம் எந்தச் சிசுவுக்கும் காவலாகாது.

காவலாகக்கூடியவை வேறிடத்தில், சர்ச்சைக்கு இடமின்றி, எழுதப்பட்டேயிருக்கின்றன. பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் 10-ஆம் ஷரத்து, குடும்பத்துக்கு இயன்ற அளவு விரிந்த பாதுகாப்பையும், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்மார்க்குத் தனிப் பாதுகாப்பையும், வேலைபார்ப்போர்க்கு ஊதியத்துடனாவது போதிய சமூகக் காப்புறுதி உதவியுடனாவது விடுப்பையும் அரசுகளின் கடமையாக்குகிறது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 24-ஆம் ஷரத்து பிரசவத்துக்கு முற்பட்ட மருத்துவப் பராமரிப்பைக் கட்டாயமாக்குகிறது. கர்ப்பிணிக்குக் கிடைக்கும் ஆகாரமும் மருந்தும் ஓய்வும் கருவிலுள்ளதற்கும் கிடைப்பவையாதலால், முகவுரையால் நாட்டமுடியாத பாதுகாப்பின் பெரும்பகுதியை இவ்விரு ஷரத்துகளும் சட்டக் கடமையாகவே நாட்டிவிடுகின்றன. பெண்ணுரிமைக் கட்சியினரும் இவற்றை எதிர்க்கமாட்டார்கள். ஜெனீவாப் பிரகடனத்துக்குத் தலைமை தாங்கிய அமெரிக்காவோ, இவ்விரு உடன்படிக்கைகளுள் முன்னதில் 1977-லும் பின்னதில் 1995-லும் கையொப்பமிட்டும், இரண்டில் எதையும் இன்றளவும் உறுதிப்படுத்தவில்லை. அந்நாட்டின் உயிர்க்காப்பு வழக்கறிஞர்கள் தம் சொந்த அரசிடம் முதற்கண் வைக்கவேண்டிய மனு இது.