கொத்தனார் கையும் வங்கிக் கைநாட்டும்

நாராயணவனம் என்று சொன்னால் இங்கே சிங்கப்பூரில் பல பேருக்குத் தெரியாது. "பத்மாவதித் தாயாருக்கும் ஸ்ரீனிவாசனுக்கும் கல்யாணம் நடந்த ஊர், ஆகாசராஜன் ஊர், புத்தூர் பக்கம்" என்றால் உடனே தலையாட்டுவார்கள். 1911 வரை வட ஆற்காடு ஜில்லா, அப்புறம் சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, விலாசம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது :-)

இன்றைக்கு எழுத வந்தது கோயிலைப் பற்றி அல்ல, கட்டுகிற கையைப் பற்றி. எங்கள் பக்கத்தில் சாரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தால் பயப்பட மாட்டார்கள். பக்கத்திலேயே புத்தூர்க் கட்டு இருக்கிறது. மூன்று மாநிலத்து ஜனங்களும் வந்து எலும்புக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போகிற இடம். ஆனால் சிமெண்ட் அரித்த கைக்குப் புத்தூரிலும் கட்டு இல்லை. படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை, இவனுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். காரணம் உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் சுண்ணாம்பு

நம் ஊர்க் கோபுரங்களைப் பாருங்கள். கீழே கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும், அதன் மேல் சுதைச் சிற்பம். சுண்ணாம்பைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து, மாடு கட்டி அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சாந்தாக்குவார்கள். இந்தச் சாந்தும் கைக்கு நல்லதல்ல. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஒரு துளி கூடினால் நாக்கு என்ன ஆகிறது? வெந்துபோகிறது இல்லையா? அதேதான் கைக்கும். சுண்ணாம்பு கடுமையான காரம். நம் தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது. இரண்டும் சேர்ந்தால் தோற்பது தோல்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் "என்ன தொழில் செய்கிறாய்?" என்று கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அந்தப் புத்தகத்தில் சுண்ணாம்பு வேலை செய்பவர்களுக்கு என்று தனி அத்தியாயமே உண்டு.

பிறகு சிமெண்ட்

1824-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லாண்ட் சிமெண்ட்'டுக்குக் காப்புரிமை வாங்கினார். கண்டுபிடித்தவரே கொத்தனார் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் 1904-ல் சென்னையில் சிமெண்ட் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில்தான் தொழில் ஊன்றியது. தமிழ்நாட்டில் டால்மியாபுரம் 1939-ல் வந்தது, தாழையூத்து 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது.

ஆனாலும் சிமெண்ட் ரொம்ப காலம் சாமானியர் கைக்கு எட்டவில்லை. பர்மிட், லெவி என்று வரிசையில் நின்ற கதையை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1982-ல் பாதிக் கட்டுப்பாடு போனது, 1989 மார்ச்சில் முழுவதும் போனது. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு கான்கிரீட் வீடு எழுந்தது. கீழ்த்திருப்பதியில் லாட்ஜும் சத்திரமும் அடுக்கடுக்காய் உயர்ந்தன. எங்கள் பக்கத்து மேஸ்திரியும் பெரியாளும் சித்தாளும் வருஷம் பூராவும் சிமெண்டிலேயே கை வைத்திருக்கும் காலம் அப்போதுதான் வந்தது. கொலுறு பிடிக்கிறவர் ஒரு கையால் பூசி, வழிவதை மறு கையால் வழிப்பார். சித்தாள் பெண்கள் பாண்டில் கலவையை வெறுங்கையாலேயே அள்ளிப் போடுவார்கள். தலையில் தூக்கும்போது கலவைத் தண்ணீர் கழுத்தில் வழியும்.

சுவிஸ் மருத்துவர்கள் கண்டது

சிமெண்ட் கையை மூன்று விதமாகக் கெடுக்கும். ஒன்று, காரத்தால் வெந்துபோவது. இதில் ஆபத்து என்னவென்றால் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் புண் தெரியும். முட்டி போட்டுத் தளம் போடுகிறவர்களுக்கு முழங்காலில் இப்படி ஆகும். இரண்டு, தினம் தினம் உலர்ந்து, வெடித்து, சொரசொரப்பாவது. மூன்றாவதுதான் மோசம்: ஒவ்வாமை.

கையெல்லாம் கொப்புளமும் அரிப்புமாக வருவதற்குக் காரணம் வெறும் காரம் மட்டும்தானா என்பது ரொம்ப நாள் புதிர். 1950-ல் சுவிட்சர்லாந்தில் யேகர், பெல்லோனி என்ற இரண்டு மருத்துவர்கள், சிமெண்ட் கரப்பான் வந்தவர்களின் தோலில் பைகுரோமேட் வைத்துச் சோதித்தார்கள். பெரும்பாலோருக்குத் தோல் சிவந்தது. குற்றவாளி யார் என்று தெரிந்தது: குரோமியம். மூலப்பொருட்களில் துளியூண்டு இருக்கிற குரோமியம், சூளையின் பெரும் சூட்டில் 'ஆறு இணைதிறன்' குரோமியமாக மாறிவிடுகிறது. தண்ணீர் பட்டால் கரைந்து தோலுக்குள் போகிறது. ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எழுதிக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் அழிவதில்லை. அப்புறம் ஒரு சிட்டிகை சிமெண்ட் போதும், கை வெடிக்கும். வேறு தொழில் தெரியாத ஐம்பது வயதுக் கொத்தனாருக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை!

எத்தனை பேருக்கு வரும்? இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் சுரங்கம் தோண்டினார்களே, அங்கே தோல் நோய்க்காக 1,138 தொழிலாளர்களைப் பார்த்ததில் 332 பேருக்கு வேலையால் வந்த தோல் அழற்சி இருந்தது. சிங்கப்பூரிலும் ஒரு ப்ரீகாஸ்ட் தொழிற்சாலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து தோல் மருத்துவர்கள் 1986-ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

டென்மார்க் செய்த காரியம்

வழி என்ன என்றால் அது ரொம்பச் சுலபம் என்பதுதான் ஆச்சரியம். சிமெண்டில் கொஞ்சம் இரும்பு சல்பேட் கலந்தால் அந்தக் குரோமியம் தோலுக்குள் போகாத வகையாக மாறிவிடும். இரும்பு சல்பேட் என்பது வேறு தொழிற்சாலைகளில் உபபொருளாக விழுகிற மலிவுச் சரக்கு. டென்மார்க் 1981-லேயே கலக்க ஆரம்பித்தது, 1983-ல் சட்டமாக்கியது. பின்லாந்து 1987, சுவீடன் 1989. ஐரோப்பா முழுவதற்கும் 2005 ஜனவரி முதல், சிமெண்டில் கரையும் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் கூடாது. டென்மார்க்கில் ஆறே வருஷத்தில் தொழிலாளர்களிடம் குரோமியம் ஒவ்வாமை நன்றாகக் குறைந்தது. யேகர் - பெல்லோனிக்கும் டென்மார்க் சட்டத்துக்கும் நடுவே 33 வருஷம். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் இந்த 33 என்னை உறுத்துகிறது.

இனி வங்கிக் கதை

இந்தியாவில் ஆங்கில அதிகாரிகள் கைரேகையை ஆவணத்தில் வாங்கும் வழக்கம் எங்கே தொடங்கியது தெரியுமா? 1858-ல் வங்காளத்தின் ஜங்கிபூரில். வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்தக்காரரிடம் ஒப்பந்தத்தின் பின்பக்கம் உள்ளங்கையைப் பதிக்கச் சொன்னார். எதற்கான ஒப்பந்தம்? சாலை போட 'கூட்டிங்' சப்ளை செய்ய. அது ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்! ஆக, கைரேகையும் சுண்ணாம்பும் முதல் நாளிலேயே ஒரே தாளில் சந்தித்துவிட்டன.

இன்றைக்கு அந்தச் சந்திப்பு தகராறாகிவிட்டது. சிமெண்டில் புழங்கிய விரலில் ரேகை தேய்ந்துபோகிறது. ஊரில் ஆதார் மெஷினில் விரலை வைத்தால் "பொருந்தவில்லை" என்கிறது. தன் கூலியைத் தான் எடுக்க, ரேஷன் வாங்க, திரும்பத் திரும்ப விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். இது கற்பனை இல்லை. மலேசியாவில் கைத்தோல் அழற்சி உள்ள 100 பேரைச் சோதித்ததில் 27 பேருடைய ரேகையை மெஷின் ஏற்கவில்லை. நல்ல கை உள்ளவர்களில் ஏற்காதது 2 பேருக்குத்தான். 2013-ல் வெளிவந்த ஆய்வு. விரல் தேய்ந்தவர்களுக்குக் கருவிழி, முகம் என்று ஆதாரில் வேறு வழி உண்டு. வீட்டில் யாராவது அலைந்தால் சொல்லுங்கள். கையே வைக்க முடியாத முதியவர், நோயாளிகளுக்குக் கால் கட்டைவிரல் ரேகையைக்கூட சாட்சிகளோடு ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் இருக்கிறது. வங்கிக்காரன் இந்த விஷயத்துக்குள் வந்த காரணம் இப்போது புரிந்திருக்கும்.

சட்டம் எட்டாத இடம்

தமிழ்நாட்டில் 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. 1996-ல் மத்திய சட்டமும், கட்டடச் செலவில் ஒரு சதவீதம் என்று நல வரியும் வந்தன. 1998 விதிகளின் நோய்ப் பட்டியலில் ரசாயனத்தால் வரும் தோல் அழற்சியும் இருந்தது. ஆனால் பத்து லட்சத்துக்குள் கட்டும் சொந்த வீட்டுக்கு அந்தச் சட்டம் கிடையாது. இப்போது 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்பில் அந்த வரம்பு ஐம்பது லட்சம்.

அதாவது, நீங்களும் நானும் இங்கிருந்து பணம் அனுப்பி ஊரில் கட்டுகிற வீடு பலதும் சட்டத்துக்கு வெளியே. அங்கே வேலை செய்கிற கைக்குப் பொறுப்பு முதலாளியான நாம்தான்.

அதனால் அடுத்த முறை எஸ்டிமேட் வரும்போது, கம்பி, ஜல்லி, மணலுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்:

- ஆளுக்கு இரண்டு ஜோடி, உள்ளே பருத்தித் துணி வைத்த நைட்ரில் கையுறை. உள்ளே கலவை போய்விட்டால் கழற்றிவிட வேண்டும். ஈரச் சிமெண்டோடு கையுறை போட்டுக்கொண்டிருப்பது வெறுங்கையைவிட மோசம்.
- தோல் கையுறை வேண்டாம். தோலைப் பதப்படுத்துவதும் பெரும்பாலும் குரோமியத்தில்தான். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் என்பது எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு ஞாபகமிருக்கும்.
- கை கழுவ மூடி போட்ட நல்ல தண்ணீர் டிரம், காரம் குறைந்த சோப்பு. கொலுறு கழுவிய தண்ணீரில் கை கழுவக் கூடாது. மண்ணெண்ணெயும் கூடாது.
- தளம் போடும் நாளில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முட்டிக்கு மெத்தை.
- வேலை முடிந்து கை கழுவிய பிறகு தேங்காய் எண்ணெய். வேலைக்கு முன் தடவும் களிம்பை நம்பிக் கையுறையை விட்டுவிடக் கூடாது.
- சிமெண்ட் பட்டு எரிந்தால் 20 நிமிஷம் ஓடும் தண்ணீர், அப்புறம் டாக்டர்.

"மேஸ்திரி போட மாட்டேங்கறாரு, கை வழுக்குதாம்" என்று பதில் வரும். வரட்டும். சரியான அளவு வாங்கித் தந்து ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சித்தாள் பெண்களுக்குச் சின்ன அளவு தனியாக வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மொத்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள், வாசலுக்கு வாங்குகிற கிரானைட்டில் ஒரு மூலைக்குக்கூட ஆகாது.

கிரகப்பிரவேசத்துக்கு மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். வாங்குகிற கை வெடிக்காமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். வேட்டியைக் கடைசி நாளில் கொடுங்கள், கையுறையை முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.