மானிப்பாயில் தமிழில் கற்பித்த மருத்துவம்



சென்ற வாரம், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்த நம் சபைத் தாயார் ஒருவரைக் காணச் சென்றேன். புண்ணைக் கழுவிக் கட்டும் முறையைக் கூறும் தாளைத் தலையணையின் கீழ் வைத்திருந்தார். முழுவதும் ஆங்கிலம். கல்லூரியிலிருந்து பேத்தி வந்து வாசிக்கும்வரை இரண்டு நாள் அந்தக் கட்டு அவிழ்க்கப்படவேயில்லை. அன்றிரவு மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என் நினைவில் நின்றார்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் பிறந்த அவர், 1847-இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டிலேயே மானிப்பாயில் மாணாக்கர் சிலரைச் சேர்த்து, ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பிக்கலானார். ஆனால் ஆங்கிலத்தில் தேர்ந்தவரை அரசாங்க உத்தியோகம் இழுத்துக்கொள்ளும். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருப்பார். இதை உணர்ந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

அதற்கான பாதையை 1850-களிலேயே அவர் வெட்டத் தொடங்கியிருந்தார். கால்வின் கட்டர் என்பவர் கல்விச்சாலைகளுக்கும் குடும்பங்களுக்குமென எழுதிய உடல்நல நூலைத் தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம், உடலியக்க இயலுக்குச் சுகரணவாதம், சுகாதாரத்துக்கு உற்பாலனம் என்று பெயரிட்டார். இன்று இச்சொற்கள் நமக்கு விநோதமாய்த் தோன்றலாம். எனினும் 'உற்பாலனம்' என்பதற்குள் காத்தல் என்னும் பொருள் ஒளிந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த ஆங்கில மூலத்தின் 1852-ஆம் ஆண்டுப் பதிப்பில், நோயாளியைப் பராமரிப்போருக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. மருத்துவராகப் போகிறவருக்கு மட்டுமன்றி, நோயாளியின் அருகே அமரும் தாய்க்கும் மகளுக்கும் அறிவு வேண்டும் என்பதே அதன் எண்ணம்.

பின்பு இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம் 1872-இலும் வெளிவந்தன. மொழிபெயர்ப்பில் அவருடைய மாணாக்கரே தோள்கொடுத்தனர். அவர்களை நாம் ஏன் அதிகம் நினைப்பதில்லை என்று நான் வருந்துவதுண்டு.

1873-இல் உடல் நலிந்து தாயகம் திரும்பிய பின்னும், கிறீன் தமிழ் மருத்துவ நூல்களுக்காக உழைத்தார். 1884-இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி அவரே விரும்பியிருந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை இன்றும் உள்ளது.

நம் சபையில் செவிலியர் படிப்பில் இருக்கும் பிள்ளைகள் இருவரிடம், அந்தத் தாயாரின் தாளைத் தமிழில் எழுதித் தரக் கேட்டிருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதும்படியும் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கண் பார்வை சற்று மங்கல்.