கல்லாவிலிருந்து நீளும் காகிதம்

1878இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது ஜேம்ஸ் ரிட்டிக்கு ஒரே கவலைதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் அவருடைய மதுக்கடைக்குக் கூட்டம் வந்தது, வியாபாரமும் நடந்தது, ஆனால் கல்லாவில் பணம் தங்கவில்லை. வேலையாட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கப்பலின் சுழலி எத்தனை முறை சுற்றியது என்று தானாகவே எண்ணிக் காட்டும் கருவியைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஊர் திரும்பி, சகோதரர் ஜானுடன் சேர்ந்து, விற்பனையை எண்ணும் இயந்திரம் ஒன்றைச் செய்து 1879இல் காப்புரிமை பெற்றார்.

அந்தத் தொழில் கைமாறி 1884இல் ஜான் பேட்டர்சனிடம் வந்தது. அவர் அதற்கு நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி என்று பெயரிட்டார். 1911க்குள் பத்து லட்சம் இயந்திரங்கள் விற்றிருந்தன. இயந்திரத்தோடு ரசீதும் பரவியது. ரசீது அச்சாக வேண்டுமானால் விற்பனையை இயந்திரத்தில் பதிந்தே ஆக வேண்டும். அதனால் கடைக்காரர்களே வாடிக்கையாளரிடம் ‘ரசீதைக் கேட்டு வாங்குங்கள்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். வாங்கியதற்குச் சான்றாக அது பின்னால் நமக்குப் பயன்பட்டது உண்மைதான். ஆனால் முதலாளியின் கல்லாவுக்குக் காவலாகத்தான் அது முதலில் வந்தது. ரசீது அடிப்பதா, எவ்வளவு நீளத்துக்கு அடிப்பது என்பதையெல்லாம் அன்றிலிருந்து கடைதான் முடிவு செய்துவருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த தெர்மல் பேப்பர் இந்த முடிவை இன்னும் எளிதாக்கிவிட்டது. இந்தக் காகிதத்தின் மேற்பூச்சில் நிறமற்ற சாயமும், அதைக் கறுக்கவைக்கும் ஒரு வேதிப்பொருளும் கலந்திருக்கும். அச்சுமுனையின் சூடு பட்ட இடம் கறுக்கும். மையும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம். இன்னும் பத்து வரி கூடுதலாக அடித்தாலும் கடைக்குப் பெரிய செலவில்லை.

செலவு வேறு இடத்தில் விழுந்தது. நிறம் வரச் செய்யும் அந்தப் பொருளாகப் பல காலம் பயன்பட்டது பிஸ்பினால் ஏ. உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடியது என்று அறியப்பட்ட அந்தப் பொருள் பூசிய காகிதத்தை நாள் முழுவதும் கையில் வாங்கிக் கிழித்துக் கொடுப்பவர்கள் கல்லாவில் நிற்கும் ஊழியர்கள். பழைய காகிதத்தோடு சேர்த்துக் கூழாக்கினால் மறுசுழற்சிக் காகிதத்திலும் அது கலந்துவிடும். 2020 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தெர்மல் பேப்பரில் அதன் அளவை எடையில் 0.02 சதவீதத்துக்குக் கீழே கட்டுப்படுத்தியது. பல ஆலைகள் அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்பினால் எஸ்-க்கு மாறின. அதைப் பற்றியும் ஐயங்கள் உண்டு.

போதாக்குறைக்கு இந்த எழுத்து நிலைப்பதும் இல்லை. வெயிலிலோ, மணிபர்சின் சூட்டிலோ சில மாதங்களில் மங்கிவிடும். மிக்சியோ ஃபேனோ வாங்கிய பில்லை வாரண்டிக்காக ஜெராக்ஸ் எடுத்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டே! ஒரு காகிதம் அதன் வேலையைச் செய்யாததால் இன்னொரு காகிதம் தேவைப்படுகிறது.

அச்சு மலிந்ததன் உச்சத்தைப் பார்க்க அமெரிக்க மருந்துக்கடைச் சங்கிலியான சி.வி.எஸ்-ஸுக்குப் போகலாம். அதன் எக்ஸ்ட்ராகேர் அட்டை வைத்திருப்பவருக்குச் சலுகைக் கூப்பன்கள் ரசீதின் வாலாக அச்சாகி வந்தன. ஒரு சின்னப் பொருள் வாங்கினாலும் ரசீது பல அடி நீண்டது. ஆள் உயரத்துக்கு நீளும் ரசீதைப் பிடித்துக்கொண்டு மக்கள் படம் எடுத்துப் போட்டார்கள். அது பல்லாண்டு கேலிப்பொருளாக இருந்த பிறகே, 2016இல், மின்னஞ்சலில் ரசீது பெறும் வழி அங்கே வந்தது.

இதே ஆண்டுகளில் தொலைபேசி நிறுவனங்களும் வங்கிகளும் வாடிக்கையாளருக்கு வேறொரு பாடம் நடத்தின. காகித பில்லை விடுங்கள், மரங்களைக் காப்பாற்றுங்கள் என்றன. காகிதம் குறைவது நல்லதே. ஆனால் பில்லை நிறுத்தினால் நிறுவனத்துக்கு மிஞ்சுவது அச்சுக்கூலியும் தபால் செலவும். காகித பில் வேண்டும் என்றவரிடம் தனிக் கட்டணமும் வசூலித்தார்கள். இணையம் இல்லாத முதியவர்தான் அதைக் கட்டினார். மரத்தின் பெயரைச் சொல்லி அவரிடம் பணம் வாங்கியது அநியாயம். கனடா நாடாளுமன்றம் 2014 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இப்படி வசூலிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்தியாவில் கம்பெனி விவகார அமைச்சகம் 2011 ஏப்ரலில் ‘பசுமை முயற்சி’ என்று சுற்றறிக்கை விட்டு, பங்குதாரர்களுக்கு ஆண்டறிக்கையை மின்னஞ்சலில் அனுப்ப அனுமதித்தபோது, அச்சுப்படி கேட்பவருக்கு அதைத் தரவேண்டும் என்றும் சொன்னது. கேட்பவரின் உரிமையை அது மறக்கவில்லை.

கடை ரசீதுக்கும், கேட்பவருக்கு மட்டும் காகிதம் என்று ஒரு சட்டம் வேண்டும் எனக் கலிபோர்னியா சட்டமன்ற உறுப்பினர் ஃபில் டிங் 2019இல் மசோதா கொண்டுவந்தார். அறிமுகக் கூட்டத்தில் ரசீது வேடமிட்ட ஒருவரும் பக்கத்தில் நின்றார். கீழவையில் தேறிய மசோதா மேலவையில் நின்றுபோனது.

செய்து காட்டியது பிரான்ஸ். விரயத்துக்கு எதிராக 2020 பிப்ரவரியில் அங்கே வந்த சட்டம், ரசீது தானாக அச்சாவதை நிறுத்தச் சொன்னது. ஆண்டுக்கு 3,000 கோடி ரசீதுகள், ஒன்றரை லட்சம் டன் காகிதம் என்பது அரசு சொன்ன மதிப்பீடு. 2023 ஜனவரி என்று குறித்த தேதி ஏப்ரலுக்குப் போய், பிறகு ஆகஸ்ட் 1க்குப் போனது. விலைவாசி ஏறிய நேரத்தில், போட்ட விலை சரிதானா என்று பார்க்க மக்களுக்கு ரசீது வேண்டியிருந்தது. மின்னஞ்சல் முகவரி வாங்கும் சாக்கில் கடைகள் விளம்பரத்துக்கு ஆள் சேர்க்கும் என்ற அச்சமும் இருந்தது.

சட்டம் ரசீதை ஒழிக்கவில்லை. கேட்டால் கடை அச்சடித்துத் தர வேண்டும், கேட்கலாம் என்பதையும் கல்லா அருகே எழுதி வைக்க வேண்டும். வீட்டு உபயோக இயந்திரங்கள், கணினி, கைபேசி போன்ற உத்தரவாதமுள்ள பொருள்களுக்குக் கேட்காமலே ரசீது வரும். கூப்பனும் விளம்பரச் சீட்டும் தானாக வரக் கூடாது. பிரான்ஸ் கடைகளில் 2023 ஆகஸ்டிலிருந்து, காகிதம் வேண்டுமா என்ற கேள்வி வாடிக்கையாளரிடம் வருகிறது.