மணிக்கணக்கில் அளக்கப்பட்ட கல்வி: திட்ட மேலாண்மைச் சான்றிதழைப் புதுப்பிக்கும் முறையின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

ஒரு தொழிலுக்குரிய அறிவைத் தேர்வெழுதி நிறுவிய ஒருவர், ஆண்டுகள் பல கடந்த பின்னும் அந்த அறிவை இழக்காமல், காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொண்டும் வருகிறார் என்பதற்கு யார் உறுதி தருவது என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கத் தொழில்சார் அமைப்புகளின் முன் வலுவாக எழுந்தது. மருத்துவம், சட்டம், பொறியியல் முதலிய துறைகள் இவ்வினாவுக்குக் கண்ட விடையைப் பின்னர்த் திட்ட மேலாண்மைத் துறையும் ஏற்றுக்கொண்டது. பி.எம்.பி. எனப்படும் திட்ட மேலாண்மை வல்லுநர் சான்றிதழைப் பெற்றவர், மூன்று ஆண்டுகளைக் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் 60 தொழில்முறை வளர்ச்சி அலகுகளை ஈட்டினால்தான் அச்சான்றிதழ் தொடர்ந்து செல்லும் என்பது இன்றுள்ள விதி. இங்கு ஓர் அலகு என்பது, ஒரு மணி நேரம் கற்றதையோ, தொழிலுக்காக ஒரு மணி நேரம் உழைத்ததையோ குறிக்கும் அளவாகும்.

இந்த அலகு முறை எவ்வாறு தோன்றியது, திட்ட மேலாண்மைக்குள் எவ்வாறு வந்து சேர்ந்தது, அதன் விதிகள் எத்திசையில் மாறின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அளவுகோலாகிய மணி நேரம் தொடக்கம் முதல் மாறாமலே இருக்க, எத்தகைய மணி நேரம் கணக்கில் சேரும் என்பதை வகுக்கும் விதிகள் மட்டும் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன என்பதும், அத்திருத்தங்களில் திட்ட மேலாளர் என்பவர் யார் என்பது பற்றி அத்தொழில் கொண்டிருந்த கருத்தின் வளர்ச்சி பதிவாகியுள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தொடர்கல்வி அலகின் தோற்றம்

சான்றிதழோ உரிமமோ பெற்றவர் தொடர்ந்து கற்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவதில் மருத்துவத் துறை முன்னோடியாக நின்றது. 1947-இல் தோன்றிய அமெரிக்கப் பொது மருத்துவர் கழகம், தன் உறுப்பினர்கள் மூன்று ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி பெற வேண்டும் என விதித்தது. மூன்றாண்டுச் சுற்று, மணிக்கணக்கு ஆகிய இரண்டும் இவ்விதியிலேயே ஒன்றாக இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் 1971-இல் நியூ மெக்சிகோ மாநிலம் மருத்துவர் உரிமத்தைப் புதுப்பிப்பதற்கும், 1975-இல் மினசோட்டா மாநிலம் வழக்குரைஞர்கள் தொழிலைத் தொடர்வதற்கும், 1979-இல் அயோவா மாநிலம் பொறியாளர் உரிமத்துக்கும் தொடர்கல்வியைக் கட்டாயமாக்கின.

இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்த கருத்தாக்கங்களுள் முதன்மையானது, தொழில் அறிவின் அரை ஆயுட்காலம் என்பது. கதிரியக்கப் பொருள் பாதியாகச் சிதைவதற்கு ஆகும் காலத்தைக் குறிக்கும் இயற்பியல் கலைச்சொல்லை உளவியலாளர் சாமுவேல் டூபின் 1972-இல் வெளியான தம் கட்டுரையில் தொழில் திறனுக்குப் பொருத்திக் காட்டினார். பயிற்சி முடித்து வெளியேறியபோது ஒருவருக்கு இருந்த திறன், புதிய வளர்ச்சிகளின் காரணமாக ஏறத்தாழப் பாதியளவாகக் குறைந்துவிடும் காலமே அவர் கருதிய அரை ஆயுட்காலம். பட்டமோ சான்றிதழோ ஒருமுறை பெற்று வாழ்நாள் முழுதும் வைத்திருக்கும் உடைமை என்ற பழைய எண்ணத்தை இக்கருத்து தளரச் செய்தது.

கற்பிக்கும் அமைப்புகள் பலவாகவும் கற்கும் தொழில்கள் பலவாகவும் இருந்த நிலையில், அவற்றுக்கிடையே பொதுவான அளவை ஒன்று தேவைப்பட்டது. 1968-இல் வாஷிங்டனில் கூடிய தேசியத் திட்டமிடல் மாநாட்டின் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட பணிக்குழு, தொடர்கல்வி அலகு என்பதை வரையறுத்தது. பொறுப்புள்ள அமைப்பு நடத்துவதும், தகுதியுள்ளவர் வழிநடத்திக் கற்பிப்பதுமான ஒழுங்குபடுத்தப்பட்ட தொடர்கல்வியில் ஒருவர் பத்து மணி நேரம் பங்கேற்றால் அது ஓர் அலகு எனக் கொள்ளப்பட்டது. இந்த அளவையைப் பேணுவதற்காக 1977-இல் தனி மன்றம் ஒன்று நிறுவப்பட்டு, 1990-இல் அது பன்னாட்டுத் தொடர்கல்வி மற்றும் பயிற்சிச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

கற்றதன் பயனை அளவிடாமல் கற்பதில் செலவிட்ட நேரத்தை மட்டும் அளவிடும் இம்முறை, அதை வகுத்தவர்கள் ஆழ்ந்து எண்ணாததால் வந்த குறை அன்று. ஒருவர் எவ்வளவு கற்றார் என்பதை அளக்க ஒவ்வொரு துறைக்கும் தனித் தேர்வும், தேர்வு நடத்தத் தனி அமைப்பும் தேவைப்படும். அவர் எவ்வளவு நேரம் கற்றலில் இருந்தார் என்பதையோ ஒரு பதிவேடும் ஒரு சான்றும் காட்டிவிடும். பல மாநிலங்களிலும் பல நிறுவனங்களிலும் சிதறியிருக்கும் தொழிலாளரை ஒரே கணக்குக்குள் கொண்டுவரும் எளிமையே மணி நேரத்துக்கு இந்த இடத்தைப் பெற்றுத் தந்தது. அந்த எளிமைக்குத் தொழில்சார் அமைப்புகள் கொடுத்த விலை என்ன என்பது பின்வந்த வரலாற்றில் தெளிவாகிறது.

திட்ட மேலாண்மை தனித் தொழிலாக உருவாதல்

திட்ட மேலாண்மையின் நவீன நுட்பங்கள் 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயின. வேதித் தொழிற்சாலைப் பணிகளைத் திட்டமிட டூபாண்ட் நிறுவனம் வளர்த்தெடுத்த முக்கியப் பாதை முறையும், பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அந்நாட்டுக் கடற்படை 1958-இல் உருவாக்கிய பெர்ட் முறையும் அவற்றுள் தலையாயவை. இந்நுட்பங்களைக் கையாண்டவர்கள் ஒன்றுகூடி 1969-இல் திட்ட மேலாண்மை நிறுவனத்தை, அதாவது பி.எம்.ஐ. அமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் முதல் கருத்தரங்கு அதே ஆண்டில் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்றது.

மருத்துவரும் வழக்குரைஞரும் அரசு உரிமத்தின் கீழ் இயங்குபவர்கள். உரிமம் இழந்தவர் தொழில் செய்ய இயலாது. திட்ட மேலாளருக்கு அத்தகைய உரிமச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. சான்றிதழே இல்லாமலும் ஒருவர் பெரிய திட்டங்களை நடத்தலாம் என்பதால், சான்றிதழின் மதிப்பு முழுவதும் வேலை கொடுப்போர் அதன்மீது வைக்கும் நம்பிக்கையையே சார்ந்திருந்தது. எனவே, அந்த நம்பிக்கையைக் கட்டியெழுப்பும் பொறுப்பை அமைப்பு தானே ஏற்க வேண்டியதாயிற்று. 1981-இல் அறநெறி, தரநிலை, அங்கீகாரம் ஆகிய மூன்றையும் ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1983-இல் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டாகிய 1984-இல் முதல் பி.எம்.பி. தேர்வு நடந்தது. துறைக்குரிய அறிவுத் தொகுப்பின் வழிகாட்டி நூல் 1996-இல் முதற்பதிப்புக் கண்டது.

ஆளுக்குச் சான்றளிக்கும் அமைப்புகள் எவ்வாறு இயங்க வேண்டும் என்பதை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 17024 என்னும் பன்னாட்டுத் தரநிலையின்படி 2007-இல் இச்சான்றிதழ் அங்கீகாரம் பெற்றது. சான்றிதழ் பெற்றவரின் தகுதி தொடர்கிறதா என்பதை உரிய காலத்தில் மீண்டும் உறுதிசெய்ய வேண்டும் என்பது அத்தரநிலையின் தேவைகளுள் ஒன்று. இவ்வாறு, அமைப்பு தன் விருப்பத்தால் மேற்கொண்டிருந்த புதுப்பித்தல், சான்றிதழின் பன்னாட்டு மதிப்புக்கு இன்றியமையாத நிபந்தனையாகவும் ஆயிற்று.

மறுதேர்வும் அலகு முறையும்

தகுதியை மீண்டும் உறுதிசெய்ய இரு வழிகள் இருந்தன. ஒன்று, அனைவரையும் மீண்டும் தேர்வெழுதச் செய்வது. மற்றொன்று, தொடர்ந்து கற்றதற்கான கணக்கைக் கேட்பது. அமெரிக்காவில் 1969-இல் நிறுவப்பட்ட குடும்ப மருத்துவ வாரியம், காலவரம்புடைய சான்றிதழை வழங்கி மறுதேர்வையும் கட்டாயமாக்கியது. பி.எம்.ஐ. தன் பி.எம்.பி. சான்றிதழுக்கு இரண்டாம் வழியைத் தேர்ந்துகொண்டது. மூன்றாண்டுகளில் 60 அலகுகள் என்னும் விதி 1990-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கநிலையினருக்கான சி.ஏ.பி.எம். சான்றிதழ் நெடுங்காலம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு எழுதும் முறையிலேயே இருந்து, பின்னர் மூன்றாண்டுகளில் 15 அலகுகள் என்னும் முறைக்கு மாற்றப்பட்டது.

பி.எம்.பி. சான்றிதழுக்கு அலகு முறையைத் தேர்ந்துகொண்டதற்குத் திட்ட மேலாளர் பணியின் தன்மையே காரணம் எனக் கருத இடமுண்டு. அனுபவம் முதிர்ந்த ஒரு மேலாளரின் திறன், அவர் எதிர்கொள்ளும் முரண்பட்ட கோரிக்கைகளிடையே எடுக்கும் முடிவுகளில் வெளிப்படுவது. பல விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் தேர்வால் அதை முழுமையாகக் காண இயலாது. அலகு முறையோ, பயிலரங்கில் கற்பதையும், பிறருக்குக் கற்பிப்பதையும், அமைப்புக்குத் தொண்டாற்றுவதையும் ஒரே கணக்கில் ஏற்கும் விரிவு உடையது.

2011-இல் திருத்தப்பட்ட விதிகள் இந்த விரிவைத் தெளிவாகக் காட்டுகின்றன. அலகு ஈட்டும் வழிகள் ஆறு வகைகளாகப் பிரிக்கப்பட்டன. பதிவுபெற்ற கல்வி நிறுவனங்களின் வகுப்புகள், பிற கல்வி, தானே முயன்று கற்றல் ஆகிய மூன்றும் கல்விப் பிரிவில் அடங்கின. புதிய அறிவை உருவாக்குதல், தன்னார்வத் தொண்டு, திட்ட மேலாளராகப் பணியாற்றுதல் ஆகிய மூன்றும் தொழிலுக்குத் திருப்பி அளித்தல் என்னும் மற்றொரு பிரிவாயின. இப்பிரிவில் மொத்தம் 45 அலகுகள் வரை ஈட்டலாம் என்றும், அவற்றுள் பணியாற்றுவதற்கு மட்டும் 15 அலகுகள் வரை பெறலாம் என்றும் வரம்பு வகுக்கப்பட்டது. அதாவது, 15 மணி நேரம் மட்டும் கற்று, எஞ்சியவற்றை எழுத்தாலும் தொண்டாலும் பணியாலும் நிறைவுசெய்ய அன்று வழி இருந்தது.

2015-ஆம் ஆண்டின் திருப்பம்

2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த மாற்றம் இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பமாகும். திறன் முக்கோணம் எனப்பட்ட சட்டகம் ஒன்று புகுத்தப்பட்டது. தொழில்நுட்பத் திட்ட மேலாண்மை, தலைமைப் பண்பு, உத்திசார் மற்றும் வணிக மேலாண்மை ஆகியவை அதன் மூன்று பக்கங்கள். 60 அலகுகளுள் குறைந்தது 35 கல்வியின் வழியே வரவேண்டும். அந்த 35-இல் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைந்தது 8 அலகுகள் இருக்க வேண்டும். எஞ்சிய 11 அலகுகளை மூன்றனுள் எதிலும் ஈட்டலாம். தொழிலுக்குத் திருப்பி அளித்தல் என்னும் பிரிவுக்குரிய உச்சவரம்பு 45-இலிருந்து 25 ஆகவும், அதனுள் அன்றாடப் பணிக்கு உரியது 15-இலிருந்து 8 ஆகவும் குறைக்கப்பட்டன.

இத்திருத்தம் இரு கூற்றுகளை உள்ளடக்கியது. கால அட்டவணையும் செலவுக் கணக்கும் போடத் தெரிந்தவர் மட்டுமே திட்ட மேலாளர் ஆகிவிட மாட்டார் என்பது முதலாவது. மக்களை வழிநடத்தவும், ஒரு திட்டம் நிறுவனத்தின் நோக்கத்துக்கு எவ்வாறு உதவுகிறது என்பதை உணரவும் கற்காதவரின் கணக்கு இனி நிறைவுபெறாது என்றாயிற்று. வேலையைத் தொடர்ந்து செய்துவருவதே கற்றல் ஆகிவிடாது என்பது இரண்டாவது. இரண்டும் பொருத்தமானவை. எனினும், அன்றாடப் பணிக்கான அலகுகளைக் குறைத்த அதே கத்தரிப்பில், கட்டுரை எழுதுவோர், இளையோருக்கு வழிகாட்டுவோர், கிளை அமைப்புகளில் ஊதியமின்றி உழைப்போர் ஆகியோரின் பங்களிப்புக்கான இடமும் சுருங்கியது. தன் அறிவைப் பிறருக்கு விளக்க முனையும்போதே ஒருவர் அதை ஆழமாகக் கற்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விரண்டையும் ஒரே உச்சவரம்பின் கீழ் வைத்தது இத்திருத்தத்தின் குறையாகத் தோன்றுகிறது.

2021 சனவரியில் பி.எம்.பி. தேர்வின் பாடத்திட்டம் மக்கள், செயல்முறை, வணிகச் சூழல் ஆகிய மூன்று பகுதிகளாக மாற்றியமைக்கப்பட்டு, மக்கள் என்னும் பகுதிக்கு 42 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த வழிகாட்டி நூலின் ஏழாம் பதிப்பு, செயல்முறைகளுக்குப் பதிலாகக் கோட்பாடுகளை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. 2022-இல் முக்கோணத்தின் பக்கங்களும் பணிசெய்யும் வழிமுறைகள், ஆற்றல் திறன்கள், வணிக நுண்ணறிவு எனப் பெயர் மாற்றம் பெற்றன. புதுப்பித்தல் விதிகள் 2015-இலேயே சென்றடைந்த இடத்துக்கு நுழைவுத் தேர்வு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது என்பது இவ்வரிசையால் புலனாகிறது.

நடைமுறையும் நம்பகத்தன்மையும்

அலகுகளைச் சான்றிதழ் பெற்றவரே இணையவழிப் பதிவுசெய்கிறார். அமைப்பு அவற்றுள் சிலவற்றை மட்டும் தணிக்கைக்குத் தெரிவுசெய்து சான்றுகளைக் கேட்கிறது. சுற்றின் மூன்றாம் ஆண்டில் 60-க்கு மேல் ஈட்டியவற்றுள் 20 அலகுகள் வரை அடுத்த சுற்றுக்கு எடுத்துச் செல்லலாம். உரிய காலத்துக்குள் கணக்கை நிறைவுசெய்யாதவரின் சான்றிதழ் ஓராண்டு இடைநிறுத்தப்படும். அக்காலத்தில் அவர் அப்பட்டத்தைப் பயன்படுத்தலாகாது. அதற்குள்ளும் நிறைவுசெய்யாவிடில், மீண்டும் விண்ணப்பித்துத் தேர்வெழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. பி.எம்.பி. சான்றிதழ் உடையோர் உலகெங்கும் பத்து இலட்சத்தைத் தாண்டியுள்ள நிலையில், இம்முறை பெரும்பாலும் பங்கேற்பாளரின் நேர்மையையே நம்பி இயங்குகிறது.

செலவிட்ட நேரம் கற்றலாக மாறுகிறதா என்னும் ஐயத்தை மருத்துவத் துறையின் ஆய்வுகள் முன்பே எழுப்பியுள்ளன. டேவிட் டேவிஸும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்ட பகுப்பாய்வு, விரிவுரையைக் கேட்பதோடு நின்றுவிடும் நிகழ்ச்சிகள் மருத்துவர்களின் நடைமுறையை மாற்றியதற்குச் சான்று கிட்டவில்லை என்றும், பங்கேற்பாளர் தாமே செயல்பட்டுப் பழகும் நிகழ்ச்சிகள் மாற்றத்தை உண்டாக்க வல்லவை என்றும் காட்டியது. திட்ட மேலாண்மையின் அலகுக் கணக்கிலோ, ஒரு மணி நேர இணைய உரையைக் கேட்டதும், ஒரு மணி நேரப் பயிலரங்கில் உழைத்ததும் ஒரே மதிப்பைப் பெறுகின்றன.

முடிவுரை

1947-இல் பொது மருத்துவர்களுக்கு வகுக்கப்பட்ட மணிக்கணக்கும், 1968-ஆம் ஆண்டு மாநாட்டின் விளைவாகப் பிறந்த அலகும், 1990-களின் இறுதியில் திட்ட மேலாண்மைக்குள் நுழைந்தபோது அளவுகோலில் மாற்றம் பெறவில்லை. உள்ளடக்கம் பற்றிய விதிகளோ, 2011, 2015, 2022 என அடுத்தடுத்த கட்டங்களில், நுட்பம் அறிந்தவர் என்னும் நிலையிலிருந்து, மக்களையும் நோக்கத்தையும் அறிந்து முடிவெடுப்பவர் என்னும் நிலைக்குத் திட்ட மேலாளரை உயர்த்தி வரையறுத்து வந்துள்ளன. சட்டத்தின் துணையின்றி, உறுப்பினரின் ஒப்புதலாலேயே ஒரு தொழில் தன்னைக் கற்கும் கடமைக்கு உட்படுத்திக்கொண்டது என்ற வகையில் இது போற்றத்தக்க சாதனை.

எனினும், மணி நேரம் என்னும் அளவை தன் எல்லையை எட்டிவிட்டது. எந்தத் துறையில் கற்றார் என்று கேட்கத் தொடங்கிய விதிகள், எவ்வாறு கற்றார் என்றும், கற்றதைத் தம் திட்டத்தில் எங்கே பயன்படுத்தினார் என்றும் இனிக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் சில அலகுகளையேனும், பயின்றதைப் பணியில் செயல்படுத்திய பதிவுக்கு ஒதுக்குவதும், பிறருக்குக் கற்பிக்கும் பணியை அன்றாட வேலையிலிருந்து பிரித்து அதற்கெனத் தனி வரம்பு அளிப்பதும் அதற்கான முதற்படிகளாக அமையும். சான்றிதழின்மீது வேலை கொடுப்போரும் பொதுமக்களும் கொண்டுள்ள நம்பிக்கை, 60 என்னும் எண்ணிக்கை நிறைந்ததால் உண்டானது அன்று; அவ்வெண்ணிக்கைக்குப் பின்னால் உண்மையான கல்வி நிகழ்ந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பால் உண்டானது. அந்த எதிர்பார்ப்பை மெய்ப்பிக்கும் கடமை, விதிகளை வகுக்கும் அமைப்புக்கும், தன் கணக்கைத் தானே பதிவுசெய்யும் ஒவ்வொரு திட்ட மேலாளருக்கும் சமமாக உரியது.