பசிக்கு அணையிடும் தூது

உடல் பருத்தவரைக் கண்டால், ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று பழிப்பது உலக வழக்கு. அப்பழி எப்போதும் நியாயமானதன்று எனக் காட்டியவர்களுள் டக்ளஸ் கோல்மன் ஒருவர்.

1931ஆம் ஆண்டு கனடாவிற் பிறந்த இவர், ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்திலுள்ள ஜக்சன் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்தார். அங்கே பரம்பரைக் குறையுடைய இருவகைச் சுண்டெலிகள் இருந்தன. இரண்டும் ஓயாது தின்று பருத்தன. அவற்றுள் ஒருவகை கடும் நீரிழிவுக்கும் ஆளாயிற்று.

கோல்மன் நீரிழிவு எலியொன்றை நலமுள்ள எலியொன்றோடு இரத்தம் கலக்குமாறு இணைத்துத் தைத்தார். நலமுள்ள எலி உணவை மறுத்து, பட்டினியால் மாண்டது. மற்றைப் பருத்த வகையை அவ்வாறு இணைத்தபோது அதுவும் உண்ணாது மாண்டது. நீரிழிவு எலியோ முன்போலவே தின்றது.

இதனால் அவர் ஓர் உண்மையை ஊகித்தார். ‘போதும்’ என்று மூளைக்கு உரைக்கும் ஓமோன் ஒன்று இரத்தத்தில் உண்டு. பருத்த எலியிடம் அது இல்லை; நீரிழிவு எலியிடம் அது மிக உண்டு, கேட்கும் செவிதான் இல்லை.

1973இல் வெளிவந்த இம்முடிவைப் பலர் நம்பவில்லை. 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அவ்வோமோனுக்குரிய பரம்பரையலகைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவே சுரக்கும் அதற்கு, மெலிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ‘லெப்டின்’ எனப் பெயரிட்டனர். 2010இல் இருவரும் லாஸ்கர் பரிசு பெற்றனர். கோல்மன் 2014இல் மறைந்தார்.

பிறவியிலேயே லெப்டின் அற்ற சிலருக்கு அது மருந்தாயிற்று. பருத்தவருட் பெரும்பாலாரிடமோ அது நிறைய இருந்தும் மூளை செவிசாய்ப்பதில்லை. ஆதலின், ஒருவரை ஏளனஞ் செய்யுமுன், அவர் இரத்தத்தில் ஓடும் செய்தியை நாம் அறியோம் என்பதை நினைத்தல் நன்று.